மீதி ஒன்று

கிளீவ்லாந்தின் கிழக்கு ஓரம்.
ஏரிக்காற்று தகரக் கூரையை உலுக்கும் லேத் பட்டறை,
இரவு ஷிப்ட்.
சுவரில் ஏதோ டிரில் பிட் கம்பெனி
எப்போதோ இலவசமாய்த் தந்த அட்டவணை:
இடப்பக்கம் பின்னம், வலப்பக்கம் தசமம்,
எங்கும் எண்ணெய்க் கைரேகை.
அறுபத்துநான்கில் முப்பத்தேழு இருந்த இடத்தில்
காப்பிக் கறை மட்டும்.
மில்காவுக்குக் கறையின் அடியிலும் தெரியும்:
புள்ளி ஐந்து ஏழு எட்டு ஒன்று இரண்டு ஐந்து.

நாம் அரைக்கால் என்பதை
அவள் நூற்றிருபத்தைந்து என்பாள்.
வீசம் அவளுக்கு அறுபத்திரண்டரை.
கால்வீசம் பதினைந்து, பின்னால் கொஞ்சம் தூசி.
எல்லாம் அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை.
ஆயிரம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை,
அது வீட்டாருக்குத் தெரிந்த சங்கதி.

பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி.
எத்தனை முறை பிளந்தாலும்
ஓர் ஐந்தில் போய் நின்றுவிடும்.
இருபத்தாறு வருடத்தில்
அவளை ஏமாற்றாத விஷயம் அது ஒன்றுதான்.
(முன்னாள் கணவன் பெயர் இங்கே வேண்டாம்.)

அக்டோபரில் அம்மா போனாள்.
வீடு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் டாலருக்குப் போனது.
உயிலில் ஒற்றை வரி:
மூவருக்கும் மூன்றில் ஒன்று.

வக்கீலின் கணினிக்கு மூன்றில் ஒன்று புரியவில்லை.
விழுக்காடு கேட்டது.
புள்ளிக்குப் பின் இரண்டே இடம்.
கூட்டினால் நூறு வரவேண்டும்.
முப்பத்துமூன்று புள்ளி மூன்று மூன்று,
மூன்று தடவை அடித்தார் வக்கீல்.
கட்டம் சிவந்தது.
யாராவது ஒருவர் நாலு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்,
சாக்லேட் நீட்டுவதுபோல்.

அந்த நாலின் விலை பதினொரு டாலர் எண்பது சென்ட்.
ஸ்டான்கோ கூரை மாற்றிய கதையை எடுத்தான்.
வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு
யார் காரோட்டியது என்றாள் வீதா.
ஸ்டான்கோவின் காது சிவந்தது, கட்டத்தைப் போலவே.

மில்கா பேசவில்லை.
உறையின் பின்பக்கம் வகுத்துக்கொண்டிருந்தாள்.
பத்தில் மூன்று, மூன்று முறை.
ஒன்பது போக ஒன்று.
பூஜ்யம் சேர். பத்தில் மூன்று, மூன்று முறை.
ஒன்பது போக ஒன்று.
கொடுத்தனுப்பிய கடன்காரன்
அடுத்த படியிலும் வந்து நிற்கிறான்,
அதே சட்டை, அதே முகம்.
உறை தீர்ந்தது.

கால்வீசத்துக்கும் கீழே போய்ப் பெயர் வைத்த நம்மவர்கள்
மூன்றில் ஒன்றுக்கு ஒற்றைச் சொல்
வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.
அவர்களுக்கும் உறை தீர்ந்திருக்கும்.

அம்மா ஈஸ்டருக்கு வால்நட் சுருள்ரொட்டி சுடுவாள்.
நூலால் அறுப்பாள், மூன்று துண்டு, கண்ணளவு.
அப்போதும் சண்டை வரும்.
ஆனால் துகளை விரலால் ஒற்றி
அவளே தின்றுவிடுவாள்.
தட்டில் எதுவும் மிஞ்சாது.

கூட்டல் குறைத்தல் ஆயிரத்தில் ஒன்று
என்று எழுதிக்கொள்ளலாமா என்றாள் மில்கா.
வரைபடங்களில் அப்படித்தான் போடுவோம்.
வக்கீல் சிரித்தார். கணினி சிரிக்கவில்லை.
ஏதோ பொத்தானை அழுத்தினார்.
கடைசி வரியில் நாலு தானாக வந்து உட்கார்ந்தது.
கடைசி வரி வீதா. அகரவரிசை.

ஸ்டான்கோ கார் நிறுத்துமிடத்தில்
யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனான்.
வீதா பன்னிரண்டு டாலரை மில்காவின் கையில் திணித்து
அவனிடம் கொடுத்துவிடு என்றாள்.
நீயே கொடு என்றாள் மில்கா.
பணம் இன்னும் மில்காவின் கோட்டுப் பையில்தான்.

இரவு பதினொன்று.
லேத்தின் சக்கில் எஃகுக் கம்பியைச் செருகுகிறாள்.
மூன்று தாடைகள்.
சாவியைத் திருப்பத் திருப்ப
மூன்றும் ஒரே நேரத்தில் நடுவை நோக்கி நகர்கின்றன,
ஒன்றுக்கு ஒன்று நூற்றிருபது பாகை.
கம்பியைத் தொடுகின்றன.
கவ்வுகின்றன.

சுவிட்சைப் போடுகிறாள்.
கம்பி சுழல்கிறது, துளி ஆட்டமில்லை.
சற்று நேரம் உளியை வைக்காமல்
சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.